ஸ்கிராப் வண்டி

கங்கப்பன் பருப்பை விட்டு இருபது நாளாகிறது. முட்டையை அதற்கும் முன்பே விட்டிருந்தார். அப்புறம் கொள்ளு போயிற்று, மோரும் போயிற்று. மூன்று வேளையும் ராகிக் களியும் புளிச்சாறும்தான். நிர்மலா ஒரு முட்டையை அவித்து உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவர் அதைப் பார்க்காமலே விரலால் தள்ளினார். முட்டை உருண்டு பாயில் போய் நின்றது.

“எடுத்துட்டுப் போ பாப்பா.”

“டாக்டரு சாப்பிடச் சொன்னாங்கல்லப்பா.”

“டாக்டரு எல்லாத்துக்கும் பொதுவா சொல்றது. என் ரிப்போர்ட்டுல என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.”

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னவர் மாரிசாமி. ஓசூரில் மிஷின் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் கங்கப்பனுக்கு இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வுபெற்று இவர்கள் ஊரான உத்தனப்பள்ளியிலேயே வீடு கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியில் வந்து நலம் விசாரிப்பார். அவர் வந்தால் கங்கப்பன் முதுகுக்குப் போட்ட இடுப்புப் பெல்ட்டோடு எழுந்து நின்றுவிடுவார்.

ரிப்போர்ட் வந்த வாரம் மாரிசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “டோட்டல் புரோட்டீன். பத்து புள்ளி நாலு. பக்கத்துல ஹெச்சு போட்டிருக்கான். ஹைன்னு அர்த்தம். ஏன் கங்கப்பா, பார்ட்ஸு தேவைக்கு மேல வந்துக்கிட்டே இருந்தா நாம என்னா பண்ணுவம்?”

“மிஷினுக்குப் போடற இரும்பு ராடை நிறுத்துவம் சார்.”

“அவ்ளோதான். ராடு உள்ள போகலன்னா மிஷின் எதை வெட்டும்?”

அந்த ஒரு கேள்வியில் கங்கப்பனின் சாப்பாடு முடிந்துபோயிற்று.

முதலில் வெறும் முதுகுவலி என்றுதான் நினைத்தார்கள். இத்தனை வருடம் பாரம் இழுத்த முதுகு, வலிக்காதா என்றாள் அவர் மனைவி சாந்தம்மா. ஒரு நாள் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்றார்கள். எட்டுச் சுற்று ஊசி. ஒரு சுற்றுக்கு நான்கு ஊசி, வாரம் இரண்டாக, வயிற்றுத் தோலில். பிறகு பத்து நாள் இடைவெளி. சுஜாதா என்ற டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். எடை நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் உடம்பு தாங்காது, ஊசியை நிறுத்த வேண்டிவரும். ஊசி நின்றால் நோய் நிற்காது என்பது நிர்மலாவுக்குத் தெரியும். மூன்று சுற்று முடிந்திருந்தது. ஐம்பத்தொன்றாக இருந்த அப்பா நாற்பத்தேழுக்கு வந்திருந்தார்.

நிர்மலா உயிர்வேதியியல் படித்தவள். கிருஷ்ணகிரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து மூன்று வருடம் படித்தாள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வில் மட்டும் தெரிந்த பதிலும் நாக்குக்கு வராது. இப்போது ஒரு மின்னணுக் கம்பெனியில் சிறு தகடுகளைக் கண்ணாடி வழியே பார்த்து, கோணலாக ஒட்டியதைத் தனியே எடுத்து வைக்கும் வேலை. எட்டு மணி நேரம் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அப்பாவின் உடம்புக்குள் நடப்பது அவளுக்குப் புரிந்திருந்தது. எல்லாச் செல்லும் புரதம் செய்யும். கோணலாக வந்ததையும் பழசானதையும் அடையாளம் போட்டு உடைத்துவிடும். செய்வதும் உடைப்பதும் சமமாக ஓடும்வரை செல் ஒழுங்காக இருக்கும். அப்பாவின் புற்றுச் செல்கள் ஒரே புரதத்தை, யாருக்கும் பயன்படாத ஒன்றை, ஓயாமல் செய்து ரத்தத்தில் தள்ளிக்கொண்டிருந்தன. ரிப்போர்ட்டில் ஏறியிருந்தது அந்தப் புரதம். முட்டையில் இருந்து வந்ததல்ல.

இதை அவள் சொல்லாமல் இல்லை.

“ப்பா, அந்தப் புரோட்டீன் வேற, இந்தப் புரோட்டீன் வேற.”

“அப்போ ஏன் ஒரே பேரு வெச்சிருக்கான்?”

“பேரு பொதுவான பேருப்பா. நீ சாப்பிடலன்னா அது உன் சதையில இருந்து எடுத்துக்கும்.”

“ஏ நிர்மலா, என்னா முணுமுணுன்னு வாய்க்குள்ளயே பேசற? சார் எவ்ளோ தெளிவா சொன்னாரு பாரு,” என்றாள் சாந்தம்மா அடுப்படியிலிருந்து.

நோட்டில் படம் வரைந்து காட்டினாள். கங்கப்பன் படத்தை அக்கறையாகப் பார்த்தார். “நல்லா வரைஞ்சிருக்க,” என்றார்.

நான்காம் சுற்று தொடங்கிய அன்று ரத்தம் எடுத்தார்கள். புரோட்டீன் ஒன்பது புள்ளி ஒன்றுக்கு இறங்கியிருந்தது. ஊசி வேலை செய்கிறது என்று நிர்மலாவுக்கு மனசு துள்ளியது. எடை நாற்பத்தாறு என்று பார்த்ததும் துள்ளல் அடங்கியது. சுஜாதா டாக்டர் அப்பாவின் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஊட்ட மாடல்வா?” என்றார். சாப்பிடுவதில்லையா என்ற கேள்வி அது.

எல்லைப்புறத்துக்காரர் கங்கப்பன். கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. கைகளைக் கட்டிக்கொண்டு, “சென்னாகி மாடுத்தீனி மேடம்,” என்றார். நன்றாகச் சாப்பிடுகிறேனாம்.

டாக்டர் நிர்மலாவைப் பார்த்தார். நிர்மலா கோப்பின் முனையைப் பார்த்தாள். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அவளுக்குக் கன்னடம் புரியும், பேச வராது. வராதது கன்னடம் மட்டும்தானா என்று அத்திப்பள்ளி தாண்டும்வரை பஸ்ஸில் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாரிசாமி புது ரிப்போர்ட்டைப் பார்த்துத் தொடையில் தட்டினார். “பாத்தியா? பத்து புள்ளி நாலு, ஒம்போது புள்ளி ஒண்ணு ஆச்சு. ராடை நிறுத்தினதும் எறங்குது பாரு!”

“எல்லாம் நீங்க சொன்னதுதான் சார்,” என்றார் கங்கப்பன்.

ஊசி என்று ஒன்று இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நிர்மலா உள்ளே போய்ப் பாத்திரங்களை ஓசை எழக் கழுவினாள்.

அன்று சாயந்தரம் அப்பா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மாரிசாமி சொன்னால் ஏறுகிறது, நான் சொன்னால் ஏன் ஏறவில்லை என்று மதியமெல்லாம் யோசித்திருந்தாள். மாரிசாமிக்கு அறிவு அதிகமில்லை. ஆனால் அவர் கம்பெனிப் பேச்சில் பேசினார்.

“ப்பா, கம்பெனில நீ லீவு போட்டா என்னா ஆகும்?”

கங்கப்பன் நிமிர்ந்தார். அவருடைய வேலை ஸ்கிராப் வண்டி. கடைசல் மிஷின்களின் காலடியில் விழும் இரும்புச் சுருள்களையும் கழித்த பார்ட்ஸ்களையும் அள்ளி, தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. இருபத்திரண்டு வருடமும் அதேதான்.

“என்னா ஆகுமா? ஒருக்கா பாரூருக்குக் கல்யாணத்துக்குப் போயி ரெண்டு நாளு நின்னுட்டன். எனக்கு பதிலு ஆள் போடல. சுருளு முழங்கால் ஒசரம் ஏறிப்போச்சு. எண்ணெய்த் தண்ணி போற வழி அடைச்சிக்கிச்சு. மிஷினு சூடேறி நின்னுடுச்சு. மேனேஜரே போன் பண்ணாரு, எங்கடா இருக்கறன்னு.”

“எல்லா மிஷினும் நின்னுடுச்சா?”

“இல்ல. அந்த வேகமா ஓடற மிஷின் இருக்குதே, அதுதான் மொதல்ல நின்னுச்சு. மத்ததெல்லாம் மெதுவா ஓடறது. தாங்குச்சு.”

நிர்மலா மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு மிஷினுன்னு வெச்சிக்க. பார்ட்ஸு போடும். கோணலா போனதை ஸ்கிராப் வண்டி அள்ளிக்கிட்டுப் போயி ஒடைச்சு உருக்க அனுப்பிடும். உனக்கு வந்திருக்கற செல்லு கண்ணுமண்ணு தெரியாம ஒரே பார்ட்டை மூணு ஷிப்டும் போட்டுத் தள்ளுது. யாரும் ஆர்டரே குடுக்கல.”

“அப்போ ரிஜெக்ஷன் நெறைய வருமே.”

“வரும். அதுக்குத்தான் ஊசி. ஊசி மிஷினை நிறுத்தாதுப்பா. ஸ்கிராப் வண்டியைத்தான் நிறுத்தும்.”

கங்கப்பன் ரோட்டில் போன டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தக்காளிக் கூடைகள் குலுங்கிக்கொண்டு போயின.

“அந்த செல்லு அதோட ஸ்கிராப்புலயே மூச்சு முட்டி நின்னுடும்.”

“ஆமாப்பா.”

“நான் பாரூருக்குப் போன மாதிரி.”

“அதே மாதிரி.”

அவர் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான். “சரி, ராடை நிறுத்தினா?”

“வெளியருந்து ராடு வரலன்னா அது பக்கத்து ஷெட்டைப் பிரிச்சு உள்ள போட்டுக்கும். உன் தொடையைப் பாரு.”

அவர் வேட்டியை விலக்கித் தொடையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அன்று இரவு கொள்ளு ரசத்தோடு சோறும் இரண்டு முட்டையும் சாப்பிட்டார். சாந்தம்மா இன்னொரு முட்டையை வேகப்போட்டாள்.

இரண்டே நாள்தான் அந்தச் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவளை அவர் வாசலிலேயே நிறுத்தினார். அவர் அதையேதான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“பாப்பா, மத்த மிஷினுக்கும் அதே வண்டிதான?”

அவளுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்று சொல்லியிருப்பாள்.

“அதே வண்டிதான்ப்பா. ஆனா மத்த செல்லு மெதுவா வேலை செய்யறது. வண்டி ஒரு நாளு வரலன்னாலும் தாங்கும். அதான் ஊசிக்கு நடுவுல நாளு விடறாங்க.”

“எல்லாம் தாங்குமா?”

“தாங்கும்.”

“அப்போ இது என்னா?”

செருப்பைக் கழற்றி இடது காலைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே எட்டணா அகலத்துக்குச் சுட்ட புண். வெந்நீர் அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்திருக்கிறார். சாந்தம்மா கருகும் வாடை பிடித்து ஓடிவந்து தள்ளிவிடும்வரை அவருக்குத் தெரியவில்லை.

“எப்போல இருந்துப்பா இப்படி?”

“ரெண்டாவது சுத்துல இருந்து விரலெல்லாம் மரமரன்னுது. வேலைக்காரன் காலு, மரத்துத்தான் போகும்னு இருந்தன். இப்பதான புரியுது. காலுக்கு வர்ற வண்டியும் நின்னுபோச்சு.”

“டாக்டருகிட்ட சொன்னா ஊசியைக் கொறைப்பாங்கப்பா. அதுக்கு வழி இருக்குது.”

“ஒண்ணும் வேண்டாம். இனிமே வரல. காலும் போயி நான் என்னாத்துக்கு?”

வெள்ளிக்கிழமை அடுத்த ஊசி. நிர்மலா கெஞ்சினாள். சாந்தம்மா அழுதாள். அவர் அசையவில்லை. புரியாமல் இருந்தவரை களி தின்றுகொண்டு ஊசிக்காவது வந்தார். புரியவைத்தபின் சோற்றைத் தின்றுகொண்டு ஊசியை விட்டுவிட்டார். தன் வாயைத் திறந்ததே தப்போ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வருடம் படித்தது இதற்குத்தானா?

வியாழக்கிழமை, செய்தி தெரிந்து மாரிசாமி வந்தார். கங்கப்பன் எழுந்து நின்றார். சாந்தம்மா காப்பி கொண்டுவந்தாள்.

“சரியான முடிவு கங்கப்பா,” என்றார் மாரிசாமி. “புரோட்டீன்தான் எறங்கிட்டுதே. ஊசியும் என்னாத்துக்கு? நாட்டு வைத்தியர் ஒருத்தர் இருக்காரு. சாப்பாட்டுலயே மொத்தமா கொண்டாந்துடுவாரு. மறுபடி அந்தப் பருப்பு, முட்டை—”

“சார், நீங்க சும்மா இருங்க.”

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நிர்மலாவேகூட ஒரு கணம் திடுக்கிட்டாள். ஆனால் நிறுத்த முடியவில்லை.

“ஒம்போது புள்ளி ஒண்ணுக்கு எறக்கினது ஊசி. நீங்க எறக்கினது அஞ்சு கிலோ சதை. இன்னும் ஒரு கிலோவுக்கு மேல எறங்கினா ஊசி போடமாட்டாங்க. அப்புறம் எங்கப்பா செத்துடுவாரு. உங்களுக்குத் தெரியாததை ஏன் சார் சொல்றீங்க? இருபத்திரண்டு வருஷம் நீங்க சொன்னதெல்லாம் கேட்டாரு, இதையும் கேட்டுட்டாரு.”

மாரிசாமி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “படிச்ச பொண்ணு,” என்றார் யாரையும் பார்க்காமல். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

“சாருகிட்ட பேசற பேச்சா இது?” என்றார் கங்கப்பன். “அவரு மொகத்துல இனி எப்படி முழிப்பன்?”

“முழிக்க வேண்டாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. காலைப் பத்தி நான் சொல்றன்.”

“நீயா? நீ அங்க வாயைத் தொறந்து நான் பாத்ததே இல்லையே.”

“இப்போ தொறந்தன்ல?”

கங்கப்பன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் குறையவில்லை. ஆனாலும் விடிகாலை ஐந்தரை பஸ்ஸுக்கு வேட்டி மாற்றிக்கொண்டு நின்றார். ஓசூரில் பஸ் மாறும்போது பையை அவளிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டார்.

முறை வந்து உள்ளே போனார்கள். சுஜாதா டாக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, “ஹேகிதீரா?” என்று கேட்டார். எப்படி இருக்கிறீர்கள்?

நாற்காலியில் உட்கார்ந்த நொடியே கங்கப்பனின் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. “எல்லா சென்னாகிதே மேடம்.”

நிர்மலாவுக்கு உச்சி எரிந்தது. நேற்றுவரை காலும் போயிற்று என்றவர். ஊசியே வேண்டாம் என்று மூன்று நாள் வீட்டை அழவைத்தவர். மேலதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

“இல்ல மேடம்,” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. தெரிந்த கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் தமிழையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினாள். “காலு... ஜோமு ஹிடிதிதே. மரத்துப்போச்சு. செகண்ட் சைக்கிள்ல இருந்து. நெருப்பு மிதிச்சாரு, தெரியல. போன வாரம் வரைக்கும் ஊட்டவும் மாடல்ல. இருபது நாளு பருப்பே சாப்பிடல. அவரு பொய் சொல்றாரு.”

டாக்டர் பேனாவை வைத்தார். கங்கப்பனைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு குச்சியின் முனையால் கால் விரல்களைத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். எட்டு முறை தொட்டார். அப்பா இரண்டு முறைதான் சொன்னார். அதில் ஒன்று, தொடாதபோது சொன்னது.

“இவத்து இஞ்செக்ஷன் பேடா,” என்றார் டாக்டர். இன்று ஊசி வேண்டாம். பிறகு ஓட்டைத் தமிழில் நிர்மலாவிடம் சொன்னார். இந்த மருந்து நரம்பைப் பிடிக்கும். முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே குறைத்திருக்கலாம். ஒரு வாரம் விட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை முதல் வாரம் ஒன்றாக, அளவு குறைத்து. முட்டை, பருப்பு, கறி எல்லாம் கட்டாயம். “நீங்க லாஸ்ட் டைம் ஏன் பேசலை?” என்று கேட்டார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்து, ஊசி இல்லாமல் திரும்ப வேண்டும்.

“அத்தனை பேரு முன்னால என்னைப் பொய்யன்னுட்டியே,” என்றார் கங்கப்பன்.

“சொன்னன்.”

“அடுத்த வாரம் நீ வராத. நானே சொல்லிக்கறன்.”

“என்னான்னு சொல்லுவ? சென்னாகிதேன்னா?”

“உள்ளதைத்தான் சொல்லுவன்.” அவர் குனிந்து நகத்தால் தன் காலில் கோடு போட்டுக் காட்டினார். “எடது காலு கணுக்காலு வரைக்கும் தெரியல. வலது காலு பாதி பாதம். அப்புறம் இந்த ரெண்டு கையிலயும் விரல் நுனி. சட்டைப் பொத்தானு போட வரல, அம்மாதான் போட்டுவிடறா.”

நிர்மலா அவர் கையைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த கோப்பைத் திறந்தாள். டாக்டர் எழுதியிருந்தது: கால் விரல்கள். கணுக்கால் இல்லை. கை இல்லவே இல்லை.

“ப்பா, இதை உள்ள ஏன் சொல்லல?”

“அவங்க விரலைத்தான தொட்டாங்க? கையைக் கேக்கலயே.”

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் சேர்ந்துகொண்டது போலிருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

“எழுந்திரு.”

“எங்க?”

“மறுபடி உள்ள.”

“இப்பவா? கூட்டத்தைப் பாரு. திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

“ஒரே நாளுல ரெண்டு தடவை போனா என்னா நெனைப்பாங்க பாப்பா? அடுத்த வாரம்தான் சொல்றன்னு சொன்னன்ல?”

அவள் கோப்பை அணைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் பதினாலு பேர். கங்கப்பன் பெஞ்சிலிருந்தே சற்று நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்தார். கால் தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்துப் பார்த்து அடி வைத்து, அவள் பின்னால் வந்து நின்றார்.

“நான்தான் சொல்லுவன்,” என்றார். “நீ குறுக்க பேசாத.”